தை மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாடு, பத்துப் பேருக்கு

தை மூன்றாம் தேதி எங்கள் செட்டிநாட்டு வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாரும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது இருட்டியிருக்கும், தலையெல்லாம் செம்மண். குளித்துவிட்டு வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வந்து உட்கார்ந்தால் பசி பொறுக்காது. மறுநாள் விடியுமுன்னே பாதிப் பேர் பல்லவன் ரயிலில் மெட்ராஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் பொங்கல் நாட்களில் நான் ரொம்ப மெனக்கெடுவது இந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான்.

கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், இடியாப்பம், நாட்டுக்கோழிக் குழம்பு, கத்தரிக்காய் கோசுமல்லி. இத்தனையும் ஒரு ஆளாகச் செய்யலாம். இவற்றில் பணியாரம் ஒன்றுதான் எண்ணெயிலிருந்து நேரே இலைக்கு வர வேண்டியது. மற்றதெல்லாம் ஏழரை மணிக்குள் அடுப்பை விட்டு இறங்கியிருக்க வேண்டும். எட்டு மணிக்கு இலை போடும்போது ஒரே அடுப்பு, ஒரே இருப்புச்சட்டி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பதற்றம் வராது.

வேலை முதல் நாள் ராத்திரியே தொடங்குகிறது. 1½ டம்ளர் கவுனி அரிசியை இரண்டு தரம் கழுவி, மூன்று பங்குத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிடுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போன நம்மவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த அரிசி இது. மேல்தோல் கறுப்பு, கெட்டி. ராத்திரி முழுக்க ஊறாவிட்டால் எத்தனை விசில் வைத்தாலும் வேகாது. ஊறிய தண்ணீர் திராட்சை நிறத்துக்கு மாறியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், அதிலேயே வேகவைக்க வேண்டும். குக்கரில் 8 விசில் வந்ததும் சிறுதீயில் கால்மணி நேரம் விடுங்கள். சூடு ஆறுமுன் மத்தால் மசித்து, 1 டம்ளர் சீனி, ஒரு தேங்காயின் துருவல், மூன்று கரண்டி நெய், ஏலக்காய்ப் பொடி எல்லாம் சேர்த்துக் கிளறிவிட வேண்டியதுதான்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு அரிசி அரைவேக்காட்டில் இருக்கும்போதே சீனியைப் போட்டுவிட்டேன். சீனி சேர்ந்த பிறகு அந்த அரிசி வேகவே இல்லை, சரளைக்கல்லாக நின்றது. மாமியார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி வேகவைத்தார்கள். "ரெண்டு விரலால் நசுக்கிப் பாரு ஆத்தா. மாவாக நசுங்கட்டும், அப்புறம் சீனி." இன்றைக்கும் நசுக்கிப் பார்க்காமல் சீனி டப்பாவைத் திறப்பதில்லை.

கவுனி காலையிலேயே முடிந்துவிடும். அடுத்தது குழம்புப் பொடி. 1½ கிலோ கோழிக்கு வரமிளகாய் 15, மல்லி 4 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு 2 தேக்கரண்டி, சீரகம் 1½ தேக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, ஒன்றாக இடியுங்கள். மொத்தமாகக் கொட்டி வறுத்தால் மல்லி வாசம் வருமுன் சீரகம் கருகிவிடும். உரல் இருந்தால் உரல், இல்லாவிட்டால் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டலாம். கொஞ்சம் கொரகொரப்பாக இருப்பதே நல்லது. செட்டிநாடு என்று பெயர் போட்டு நாக்கில் வைக்க முடியாத காரத்தில் ஒரு சிவப்புக் குழம்பு ஊர் ஊராகக் கிடைக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. மிளகும் சோம்பும் முன்னே தெரியும், மிளகாய் பின்னே வரும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பணியாரத்துக்கு ஊறப்போடுங்கள். அளவு இப்படி: டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற அளவுதான் உளுந்து. ஒரு டம்ளருக்கு 15 பணியாரம் வரை தேறும். பத்துப் பேருக்கு இப்படி மூன்று டம்ளர். இரண்டையும் ஒன்றாகவே 2 மணி நேரம் ஊறவைக்கலாம்.

கழுவும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை 3 டம்ளர் பிடித்து வையுங்கள். அதற்கு அரிசியை மட்டும் முதலில் கழுவ வேண்டும், உளுந்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்தால் மண்டிக்கு ஆயிற்று. அரிசி கழுவிய தண்ணீரில் புளி விட்டு வைக்கிற கறிதான் மண்டி. கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், கீறிய பச்சைமிளகாய் 6, கால் கிலோ வெண்டைக்காய் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் பிசுபிசுப்பு போக வதக்கி, வேகவைத்த மொச்சை ஒரு கை போட்டு, கரைசலை ஊற்றிச் சுண்டவிடுங்கள். தை மாதத்தில் பச்சை மொச்சை கிடைக்கும், அதைப் போட்டால் தனி ருசி. இந்த மண்டி ராத்திரி இலைக்கு இல்லை, மறுநாள் ரயிலில் போகிறவர்களின் தயிர்சாதத்துக்கு. பின்பக்க அடுப்பில் அதுபாட்டுக்குக் கொதிக்கட்டும், எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஐந்து மணிக்குப் பணியார மாவை ஆட்டிவிட வேண்டும். வெண்ணெயாக ஆட்டணும், விரலில் தொட்டால் நெறுநெறுப்பே தெரியக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இரண்டு கரண்டி பால். புளிக்க விடக் கூடாது, அன்றைக்கு ஆட்டியது அன்றைக்கே. தோசை மாவை விடச் சற்று நீர்த்திருந்தால் சரி. மூடி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துவிடுவேன், குளுமையாக இருக்கும்.

மாவு ஆட்டிய கையோடு கோழியை ஏற்றுங்கள். நாட்டுக்கோழி வேக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், வயசைப் பொறுத்து. மஞ்சள் தடவித் தோலோடு வாட்டி வாங்குங்கள், தோல் இல்லாத கோழியில் குழம்பு சப்பென்றாகிவிடும். 100 மில்லி நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு, ஒரு சிட்டிகை கல்பாசி. கல்பாசி கூடினால் கசக்கும். உரித்த சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு 20 பல், கறிவேப்பிலை, தக்காளி 3 வதங்கியதும் கோழி. தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிஷம் பிரட்டுங்கள், கோழியே நீர் விடும். பிறகு பொடி, உப்பு, 4 டம்ளர் தண்ணீர். கறி வெந்த பிறகு அரைமூடித் தேங்காயும் ஒரு மேசைக்கரண்டி கசகசாவும் அரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தேங்காய் விட்டு ரொம்பக் கொதித்தால் குழம்பு திரிந்துபோகும். இறக்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழம்பு கூடிவரும், ஆகவே முன்கூட்டி வைப்பதில் நஷ்டமே இல்லை.

கோசுமல்லி அரைமணி வேலை. அரை கிலோ பிஞ்சுக் கத்தரிக்காயையும் ஒரு உருளைக்கிழங்கையும் வேகவைத்துத் தோலை உரித்துக் கையாலேயே மசியுங்கள். மிக்சியில் போட்டால் கூழாகிவிடும், அங்கங்கே துண்டு தட்டுப்பட வேண்டும். கடுகு, உளுந்து, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி வதக்கி, நீர்த்த புளித்தண்ணீர் 1½ டம்ளர் கொதித்ததும் மசித்ததைப் போட்டு ஐந்து நிமிஷம். கறி தொடாத பெரியவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர். அவர்களுக்கு இடியாப்பத்துக்கு இதுதான், அதனால் இதைத் துணைக்கறியாக நினைத்து அலட்சியமாக வைக்க மாட்டேன். கறிக்கரண்டியை இதில் போடுகிறவர்களுக்கு என்னிடம் வசவு உண்டு.

இடியாப்பத்துக்கு மில்லில் அரைத்த மாவு 4 டம்ளர். கொதிக்கிற தண்ணீரை உப்புப் போட்டு ஊற்றிப் பிசைந்து, சூட்டோடு பிழிந்து அவித்து, ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். துவையலுக்கு வரமிளகாய் 12, சின்ன வெங்காயம் 20, பூண்டு 4 பல், தக்காளி 2, துளி புளி, உப்பு. பச்சையாக அரைத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்துப் பச்சை வாடை போகப் பிரட்டினால் போதும்.

எல்லாரும் உட்கார்ந்து இலையில் கவுனி வைத்த பிறகே பணியாரத்துக்கு மாவு ஊற்றுங்கள். கடலை எண்ணெய் மிதமாகக் காய்ந்திருக்கட்டும். குழிக்கரண்டியால் நடுவில் ஒரே இடத்தில் ஊற்றிக் கையை எடுத்துவிடுங்கள். அடியில் படர்ந்து, ஓரத்தில் மெல்லிய சரிகை விரிந்து, தானே எழும்பும். மேலே கொஞ்சம் எண்ணெயை வாரி விட்டுத் திருப்பி, வெள்ளை மாறுமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். உருண்டையாகக் கிடந்தால் மாவு கெட்டி, இரண்டு கரண்டி பால் விடுங்கள். பிய்ந்து சிதறினால் நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி பச்சரிசி மாவு சேருங்கள். எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது. அதற்கும் பச்சரிசி மாவுதான். முதல் பணியாரத்தை நான் யாருக்கும் வைப்பதில்லை, பிட்டுப் பார்த்து மாவைச் சரிசெய்யத்தான் அது.

நான் ஊற்ற ஊற்ற மகள் எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஆளுக்கு நாலு ஆனதும் அவள் கரண்டியை வாங்கிக்கொள்வாள், நான் இலையில் உட்காருவேன்.

மண்டியைப் படுக்கப் போகுமுன் சம்படத்தில் மாற்றுங்கள். நன்றாக ஆறியிருக்க வேண்டும், சம்படத்தில் ஈரம் இருக்கக் கூடாது. தேங்காய் சேராததால் மறுநாள் முழுக்கத் தாங்கும். தயிர்சாதத்தைத் தனியாகக் கட்டி, பெட்டிக்கு மேலே கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள். விழுப்புரம் வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பசித்துவிடும்.