சுட்ட குடைமிளகாய் பாஸ்தா: முதன்முறை சமைப்பவர்களுக்கு

கத்திரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்துத் துவையல் அரைத்துப் பழகிய கைக்கு இந்தப் பாஸ்தா புதிய வித்தையன்று. குடைமிளகாயைச் சரியாகச் சுட்டுவிட்டால் பாதிச் சமையல் முடிந்தது என்பதால், இங்கே அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

மூன்று பேருக்கு 250 கிராம் பென்னே பாஸ்தா, பெரிய சிவப்புக் குடைமிளகாய் 3, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், காய்ந்த மிளகாய் 2, முந்திரி 12, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, அரை எலுமிச்சம்பழம், உப்பு ஆகியவை போதும். முந்திரியை முதலிலேயே வெந்நீரில் ஊறப்போட்டுவிடுங்கள். ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றினால் அதன் மணமே மேலோங்கி நிற்கும்.

பினாங்கில் நான் சௌராஸ்தா சந்தையில் காய் வாங்குவது வழக்கம். பச்சைக் குடைமிளகாய் விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள். அது முதிராத காய், சற்றுக் கசக்கும். செடியிலேயே பழுத்துச் சிவந்ததில்தான் இந்தச் சமையலுக்கு வேண்டிய இனிப்பு இருக்கிறது. ஆழமான மடிப்புகள் இல்லாமல் பக்கங்கள் ஓரளவு தட்டையாக உள்ள காய்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள், ஏனெனில் மடிப்புக்குள் தணல் எட்டாது.

காயைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கேஸ் அடுப்பின் கம்பி மேல் நேராக வைத்து நடுத்தரத் தீயில் சுடுங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் சன்னலைத் திறந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை இடுக்கியால் திருப்பும்போது, தோல் முதலில் பளபளத்து, பிறகு கொப்புளித்து, மெல்லப் பட்பட்டென்று வெடித்துக் கருகும். முதன்முறை செய்தபோது அங்கங்கே பழுப்பேறியதைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிட்டேன். தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு, கத்தியால் சுரண்டியதில் பாதிக் காய் வீணாயிற்று. காய் முழுவதும் கரிபோல் ஆகும் வரை, ஏறத்தாழ 12 முதல் 15 நிமிடங்கள், பொறுமையாகச் சுட வேண்டும். மின்னடுப்பு வைத்திருப்பவர்கள் ஓவனில் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, இடையில் ஒருமுறை திருப்பிவிடலாம்.

சுட்டதை உடனே ஒரு பாத்திரத்தில் போட்டு 15 நிமிடங்கள் இறுக மூடி வையுங்கள். உள்ளிருந்து எழும் ஆவி தோலைச் சதையிலிருந்து பிரித்துவிடுவதால், விரலால் தள்ளினாலே அது கழன்று வரும். சுலபமாக இருக்கிறதென்று குழாய் நீரில் காட்டிக் கழுவினால், சுட்ட மணமும் நீரோடு போய்விடும். இரண்டொரு கரும்புள்ளி ஒட்டியிருந்தால் இருக்கட்டும். காம்பையும் விதையையும் நீக்கி, பாத்திரத்தின் அடியில் தேங்கிய சாற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டரை லிட்டர் நீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தாவைப் போட்டு, பொட்டலத்தில் எழுதியுள்ள நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்னதாக வடித்துவிடுங்கள். வடிக்குமுன் ஒரு குவளை நீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். பாஸ்தா வெந்த நீரிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் விழுதையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிறது.

எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாயைச் சிறு தீயில் வதக்கி ஆறவிட்டு, குடைமிளகாய், முந்திரி, அந்தச் சாறு எல்லாவற்றையும் சேர்த்து பிளெண்டரில் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். விழுதை மீண்டும் சட்டியில் ஊற்றி, பாஸ்தாவையும் அரைக் குவளை வடிநீரையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறுங்கள். கரண்டி போன தடம் மெதுவாக மூடிக்கொள்ளும் பதத்தில் அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்து, உப்புப் பார்த்து இறக்கலாம்.

பாலாடைக்கட்டி துருவிப் போட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறைய வைக்கப்படுவது. புரட்டாசியில் சைவம் இருப்பவர்களுக்காகவே நான் முந்திரியைச் சேர்த்திருக்கிறேன்.

விழுதைக் கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டால், பாஸ்தாவில் கலக்குமுன் தனியாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை தோசைக்குத் தொட்டுக்கொண்டு பசியாறலாம்.