டீசல் காரில் சைலன்சர் மாற்றம்: காசு கொடுத்து வாங்கும் தொல்லைகள்

ஒன்றரை லிட்டர் டீசல் காரில் சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டால் கிடைப்பது கர்ஜனை இல்லை, ரீங்காரம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிபொருள் பற்றுகிறது. 2,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்குச் சுமார் 67 துடிப்பு. டீசல் கார் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுவது பெரும்பாலும் இந்த ஆர்பிஎம்மை ஒட்டித்தான். கதவுகளை மூடிய கேபினுக்குள் அந்தத் தாழ்ந்த அதிர்வு அப்படியே தங்கும். திண்டிவனம் தாண்டுவதற்குள் பின்சீட்டில் இருப்பவருக்குத் தலைவலி வந்துவிடும். இந்தத் துடிப்பை அடக்கத்தான் கம்பெனி நடுவில் ஒரு ரெசனேட்டரை வைத்திருக்கிறது. "சும்மா ஒரு டப்பா" என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பெட்ரோல் காரில் கேட்ட சத்தத்தை டீசலில் எதிர்பார்ப்பதுதான் எல்லாத் தவறுக்கும் ஆரம்பம். டீசலின் 'கட கட' ஓசை இன்ஜின் பிளாக்கிலிருந்து வருவது, குழாயை மாற்றினால் அது மாறாது. குழாய் வழியே வரும் துடிப்பையும், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் டர்பைன் சக்கரம் முன்பே நறுக்கிவிடுகிறது. மிச்சமிருப்பது இரைச்சல் மட்டும்.

எந்தத் தலைமுறைக் கார் என்று பார்க்காமல் கை வைப்பது

பிஎஸ்4 என்ற பழைய புகை விதிப்படி வந்த கார்களில் பெரும்பாலும் டர்போவுக்குப் பின்னால் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட், ரெசனேட்டர், சைலன்சர் அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பிஎஸ்6 டீசல் கார் வேறு பிறவி. கேட்டலிஸ்டை அடுத்துக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க என்ஓஎக்ஸ் டிராப் அல்லது ஆட்-ப்ளூ என்ற யூரியா கரைசலைத் தெளிக்கும் எஸ்சிஆர், இவற்றுக்கு நடுவே வெப்ப சென்சார்கள், டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா, நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் என்ஓஎக்ஸ் சென்சார் என்று வரிசையாக இருக்கும். பிஎஸ்4-இல் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்ட துகள், பிஎஸ்6-இல் 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. டிபிஎஃப் இல்லாமல் அது நடக்காது. பழைய ஸ்விஃப்ட் டீசலுக்குச் சொன்ன யோசனையைப் புது எஸ்யூவிக்குக் கேட்டுக்கொள்வது, சைக்கிள் பஞ்சர் கடையில் ஏரோபிளேன் டயரைக் கொடுப்பது மாதிரி.

பெரிய குழாய், பெரிய பிக்கப் என்று நம்புவது

டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்பைன் சீக்கிரம் சுழலும், இது உண்மை. ஆனால் இன்றைய டீசல்களில் பெரும்பாலானவற்றில் டர்போவின் இறக்கைகளை இன்ஜினின் கணினியான ஈசியூ திறந்து மூடுகிறது. இந்த ஆர்பிஎம்முக்கு இவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), இவ்வளவு டீசல் என்று அதன் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. குழாயைப் பெரிதாக்கினால் ஈசியூ இறக்கையை இன்னும் கொஞ்சம் திறந்து, பழைய பூஸ்ட் அளவிலேயே கொண்டுபோய் நிறுத்தும். டீசல் அளவும் மாறாது. அதனால் ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் இல்லாமல் குழாயை மட்டும் மாற்றினால், "வண்டி பறக்குது" என்று தோன்றுவதில் பெரும்பங்கு காதுக்குத்தான் போகிறது. இறக்கையை நகர்த்தும் ஆக்சுவேட்டர் கரி பிடித்து மந்தமாக இருக்கும் பழைய வண்டியில் பூஸ்ட் வரம்பு தாண்டி பி0234 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) விழும். வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய், ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிவரும்.

ரீமேப் செய்து டீசலையும் கூட்டினால் சக்தி நிஜமாகவே கூடும். கூடவே டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறும், கிளட்ச் மேல் சுமையும் விழும். கரும்புகை கக்குவதைக் கெத்தாக நினைக்கிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: கருப்பாக வெளியே போவது எரியாத டீசலின் கரி. காசு கொடுத்து வாங்கியது சக்தியாகாமல் போகிறது என்று அர்த்தம். அதைவிட மோசம், டீசலில் 'பாப்' சத்தம் வர வைக்கும் டியூன். பெட்ரோல் கார் மாதிரி டீசல் காரின் குழாயில் அது தானாக வராது. அந்தச் சத்தத்துக்காகத் தாமதமாக டீசலைத் தெளிக்கிறார்கள். அது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவுகிறது, டர்பைனைச் சூடாக்குகிறது. இதை யார் செய்து தருகிறேன் என்றாலும் கும்பிடு போட்டு வந்துவிடலாம்.

டிபிஎஃப்பைக் குடைந்து எடுப்பது

இதுதான் அதிகம் நடக்கிற, அதிகம் செலவு வைக்கிற தவறு. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது. புது டிபிஎஃப் விலையைக் கேட்டால் பல மாடல்களில் லட்சத்தைத் தொடுகிறது. பட்டறைக்காரர், உறையை அறுத்து உள்ளே இருக்கும் தேன்கூட்டுக் கல்லை உடைத்தெடுத்து, மறுபடி வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார். வெளியே பார்த்தால் எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும்.

அந்தக் கல்லில் நுண்ணிய குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும், கரி உள்ளேயே நிற்கும். சேர்ந்த கரியை எரிக்க ஈசியூ சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்து, டிபிஎஃப்பைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுகிறது. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். பத்து இருபது நிமிடம் வண்டி தொடர்ந்து ஓடினால்தான் முடியும். வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆபீஸ், அங்கிருந்து பள்ளிக்கூடம் என்று ஓடும் வண்டியில் இது பாதியிலேயே நிற்கும். தெளித்த டீசல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும்.

கல்லை எடுத்துவிட்டால் அழுத்த சென்சார் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். டிபிஎஃப் இல்லை என்று ஈசியூவுக்குப் புரிந்துவிடும், பி2002 கோடு வரும். அதை ஏமாற்ற ஒரு சின்ன எமுலேட்டர் பெட்டி மாட்டுவார்கள். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஈசியூவில் ரீஜெனரேஷனை முழுதாக நிறுத்தாமல் பெட்டியை மட்டும் மாட்டினால், ஓடிய தூரக் கணக்கை வைத்து அது தன்பாட்டுக்கு டீசலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். கரி பிடிக்கக் கல்லே இல்லை. பின்னால் வெள்ளைப் புகை, மைலேஜ் சரிவு. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கும். ஆயில் குறைந்தால் பதறுகிறோம், கூடினால் சந்தோஷப்படுகிறோம். டீசல் கலந்து மெலிந்த ஆயிலோடு ஓட்டினால் முதலில் அடி வாங்குவது டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும்.

சில இன்ஜின்களில் இன்னொரு வில்லங்கம். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே திருப்புவது ஈஜிஆர். அதில் தாழ்அழுத்த வகை உள்ளவை, டிபிஎஃப்புக்குப் பின்னாலிருந்து வடிகட்டிய புகையை எடுத்து டர்போவின் கம்ப்ரசர் பக்கம் அனுப்புகின்றன. கல் போய்விட்டால் அங்கே போவது வடிகட்டாத கரி. அலுமினிய கம்ப்ரசர் சக்கரமும் இன்டர்கூலரும் கொஞ்ச நாளில் கரி அப்பிக்கொள்ளும்.

டிபிஎஃப் அடைத்தால் அது நோயின் அறிகுறி. கரி மிகுந்துவிட்டது என்னும் பி2463 கோடு வந்ததும் அறுக்கப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை: இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, இன்டர்கூலர் ஹோஸில் பூஸ்ட் கசிவு இருக்கிறதா, ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, அழுத்த சென்சாரின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கடைசியாக ஊற்றிய ஆயில் எது. டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த, கார் புத்தகத்தில் போட்டிருக்கும் தர ஆயில்தான் ஊற்ற வேண்டும். பல கார்களுக்கு அது சி2 அல்லது சி3. ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எந்த வெப்பத்திலும் எரியாது, கல்லிலேயே தங்கிவிடும். கோளாறைச் சரிசெய்த பிறகு, விளக்கு நிலையாக மட்டும் எரிகிறது என்றால் ஜிஎஸ்டி சாலை மாதிரி ஓர் இடத்தில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். விளக்கு சிமிட்டினாலோ லிம்ப் மோடு வந்தாலோ ஸ்கேனரில் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன். அதற்கும் மசியாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வைப்பது. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு பெரும்பாலும் புது டிபிஎஃப் விலையில் ஒரு பகுதிதான்.

ஆட்-ப்ளூ உள்ள கார்களில் எஸ்சிஆரை எடுத்தால் கவுண்ட்டவுன் தொடங்கும். அது முடிந்தபின் ஆஃப் செய்த இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஈஜிஆருக்குப் பிளேட் போட்டு அடைப்பது பழைய வண்டிகளில் இன்டேக்கைச் சுத்தமாக வைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஈசியூ காற்றின் அளவை வைத்தே அதைக் கண்டுபிடித்து பி0401 காட்டும். நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும், ஊர் மூச்சுக்குழாய்க்குள் போகிற சரக்கு அது.

வெல்டிங் பட்டறையில் நடக்கும் பிழைகள்

டர்போவுக்குக் கீழே, முதல் ஒன்றரை அடிக்குள் பின்னல் கம்பி போர்த்திய மடிப்புக்குழாய் ஒன்று இருக்கும். ஃபிளெக்ஸி என்பார்கள். இன்ஜின் மவுன்டிங்கின் மேல் முன்னும் பின்னும் ஆடுகிறது, சைலன்சர் பாடியில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது இதுதான். செலவை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிட்டு நேர்க்குழாயை வெல்டு வைத்தால், முதலில் வெல்டு விரிசல் விடும். பிறகு கேஸ்கெட் ஊதும், கடைசியில் டர்போ ஃபிளான்ஜின் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்க டர்போவையே இறக்க வேண்டும். தொங்கும் ரப்பர்களில் ஒன்றைக் குறைத்தாலும் இதே கதி.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டு விழும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் அதே குழாயில் மாட்ட வேண்டும். சேஸிஸில் எங்கோ மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங், டர்போ பேரிங் வழியாகப் பாதை தேடும். சென்சார்களை முன்பே கழற்றித் துணியில் சுற்றி வைப்பது நல்லது. என்ஓஎக்ஸ் சென்சாரின் உள்ளே பீங்கான், கீழே விழுந்தால் போச்சு. அழுத்த சென்சாரின் இரண்டு குழாய்களையும் எது முன், எது பின் என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். மாற்றி மாட்டினால் அளவு தலைகீழாக வரும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தால் ஸ்டட் பிழைக்கும். கேஸ்கெட்டைப் புதிதாகவே போட வேண்டும்.

வெப்பத் தகட்டை 'சத்தம் போடுது' என்று தூக்கிப் போடுவது அடுத்தது. மேலே பிளாஸ்டிக் டீசல் டேங்க், பக்கத்தில் ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் இருக்கின்றன. ரீஜெனரேஷன் நேரத்தில் குழாய் எவ்வளவு சூடாகும் என்பதை நினைத்துத்தான் தகடு வைத்திருக்கிறார்கள். குழாயின் வாயைப் பம்பருக்கு உள்ளேயோ, பக்கவாட்டில் கதவுக்குக் கீழேயோ முடிப்பதும் வேண்டாம். ஓடும் காரின் பின்னால் அழுத்தம் குறையும், டிக்கி ரப்பர் தளர்ந்திருந்தால் புகை உள்ளே இழுபடும். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

"பொல்யூஷன் பாஸ் ஆயிடுச்சே" என்று இருப்பது

டீசலுக்கான பொல்யூஷன் சோதனையில் இன்ஜினைச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக மிதித்துப் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறார்கள். பிஎஸ்4-க்கு, புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 50 வரம்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அந்தக் கருவி எண்ணுவதில்லை. அதனால் டிபிஎஃப் இல்லாத காரும் சிலசமயம் பாஸ் ஆகும். அந்தச் சான்றிதழ் சட்டத்திலிருந்து காப்பாற்றாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பு மீறினால் 190(2) பிரிவு: முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸ் மூன்று மாத முடக்கம். வாரண்டி போவது தனி. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால், விபத்து கிளெய்மில் இன்சூரன்ஸ் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார்.

பழைய கார் வாங்கும்போது

அடுத்தவர் செய்த தவறு உங்கள் தலையில் விழாமலிருக்க ஒரு வெள்ளைத் துணி போதும். இன்ஜின் ஆறிய நிலையில் டெயில் பைப்பின் உள்சுவரைத் துடைத்துப் பாருங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள பிஎஸ்6 காரில் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் துணி கிட்டத்தட்டச் சுத்தமாகவே வரும். மை மாதிரி கருப்பு அப்பினால் கல் விரிசல் விட்டிருக்கிறது, இல்லை, உள்ளே கல்லே இல்லை. பிறகு லிஃப்டில் ஏற்றி டிபிஎஃப் உறையைப் பாருங்கள். கம்பெனி வெல்டு இயந்திரம் போட்டது, ஒரே சீராக இருக்கும். கையால் போட்டது முடிச்சு முடிச்சாக, சுற்றிலும் நீலம் பூத்திருக்கும். சென்சார் ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு பெட்டி தொங்கினால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

உங்கள் காரிலேயே சத்தத்தில் ஆசை இருந்தால், பின் அச்சுக்குப் பிந்தைய கடைசி சைலன்சரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் தரச்சான்று பெற்றதாகப் பார்த்து, போல்ட்டில் மாட்டும் வகையாக வாங்குங்கள். கழற்றிய ஒரிஜினலைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். குறிப்பாகக் கேட்டலிஸ்ட் டப்பாவுக்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கின்றன. "பழசை நானே போட்டுடறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.