இரண்டு அல்பினோவுக்குச் சாதாரண நிறக் குட்டிகள் பிறந்தது ஏன்?

நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ பல்லிகளில் ஆணும் அல்பினோ (உடலில் கருப்பு நிறம் வராதது), பெண்ணும் அல்பினோ. ஆனால் பொரிந்த குட்டிகள் எல்லாமே அழுத்தமான கருப்புப் பட்டையோடு வந்தன. அல்பினோ ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்; இரண்டு பக்கமும் இருந்தால் குட்டியும் அல்பினோவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் இன்குபேட்டர் மேல். குறைந்த வெப்பத்தில் பொரிந்த குட்டிகள் கருத்து வருவது உண்மைதான். 28 டிகிரியிலிருந்து 31-க்கு ஏற்றினேன். பட்டை போகவில்லை. அப்புறம், பெண் பழைய ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் என்பதால் ஒரு பருவம் முழுக்கத் தனியே விட்டேன். அடுத்த பருவமும் அதே கதை.

விடை கண்ணில் இருந்தது. இந்தப் பல்லியில் அல்பினோ மூன்று வகை: ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர். மூன்றும் வெவ்வேறு மரபணுக் குறைகள். ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால், ஒரு பெற்றோரிடம் இல்லாததை மற்றது கொடுத்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் பார்த்தேன் (டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், அல்பினோவுக்குக் கண் கூசும்). ஆணின் கண் வெள்ளிச் சாம்பல், பெண்ணின் கண் நல்ல இளஞ்சிவப்பு. அது பெல்லின் அடையாளம். விற்றவர் இரண்டையும் வெறும் ‘அல்பினோ’ என்றுதான் எழுதியிருந்தார்.

கண்ணை மட்டும் நம்பாமல், வம்சம் தெரிந்த பெல் ஆணோடு அந்தப் பெண்ணைச் சேர்த்தேன். குட்டிகள் அத்தனையும் அல்பினோ. பெரிய நிம்மதி.

பழைய கலப்புக் குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு வைக்கவில்லை. அவற்றுக்குப் பிறக்கும் அல்பினோக்களில் எது எந்த வகை என்று பார்வையால் பிரிப்பது கடினம். இரண்டு வகையும் மறைந்திருக்கின்றன என்று எழுதிக் கொடுத்து, வளர்க்க மட்டும் கேட்டவர்களுக்குத் தந்துவிட்டேன்.