அப்பாவின் டயாலிசிஸ் செலவும் காப்பீட்டு அட்டையும்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் கையில் இருந்த பணம் கரைந்துவிட்டது, சிகிச்சை பார்த்த தனியார் மருத்துவமனையிலோ தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள்தான் சொன்னார். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும், டயாலிசிஸும் அதில் அடக்கம்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன், 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ. விசாரித்து, தாலுகா ஆபீஸ் வழியாக வந்தது. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனோம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்றுதான், பல வீடுகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது, அதனால் பெயரை முதலில் சரிபார்த்துவிடுங்கள். அட்டை கிடைத்ததும், திட்டத்தில் சேர்ந்த வேறொரு மருத்துவமனைக்கு மாறினோம். இப்போது டயாலிசிஸுக்குப் பணம் கட்டுவதில்லை.

சர்க்கரை, பிபி மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிப்பவர்கள் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள், 2021-லிருந்து வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள்.