பாரிஸில் குறைந்த செலவில் ஹோட்டல்: புக் செய்யும்முன் என்ன பார்க்கணும், போனபின் எப்படி இருக்கணும்

பாரிஸில் மலிவான ஹோட்டல் தேடும்போது எல்லோரும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து ஸ்டாரை, அப்புறம் ஈஃபில் கோபுரம் எவ்வளவு தூரம் என்பதை. நான் சொல்வது, முதலில் பின்கோடைப் பாருங்கள், அடுத்து மெட்ரோ நிலையத்தை, அப்புறம் லிஃப்ட்டை. இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் அறை சின்னதாக இருப்பது பெரிய குறையாகத் தெரியாது. ஒன்று பிசகினாலும், அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், மிச்சம் பிடித்த காசெல்லாம் டாக்ஸிக்கே போய்விடும்.

பின்கோடு 75-இல் தொடங்கினால்தான் அந்த ஹோட்டல் பாரிஸ் நகரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். நகரத்தை 20 வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் 1-இல் தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே வெளியே போய் 20-இல் முடியும். 75013 என்றால் 13-ஆம் வட்டாரம், அவ்வளவுதான் கணக்கு. ஹோட்டல் பெயரில் 'பாரிஸ்' என்று இருக்கும், முகவரியில் 95700 என்று இருக்கும். அது ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ருவாஸி என்ற ஊர். விடிகாலை விமானத்தைப் பிடிக்க ஒரு ராத்திரி தங்க அது நல்ல இடம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அங்கே தங்கினால் தினமும் போக வரவே பாதி நாள் போய்விடும்.

அதற்காக 75 இல்லாத எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். நகரத்தைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் சாலைக்கு வெளியே இருந்தாலும் மெட்ரோ போகிற ஊர்கள் உண்டு: 9-ஆம் லைனில் மொந்த்ரோய், 4-ஆம் லைனில் மோன்ரூஜ், 7-ஆம் லைனில் இவ்ரி. இங்கெல்லாம் அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய அறை கிடைக்கும். 2025 ஜனவரியிலிருந்து தூரக் கணக்கை எடுத்துவிட்டு மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே விலைச் சீட்டு வைத்துவிட்டார்கள் (அந்த வருஷம் 2.50 யூரோ), அதனால் வெளியே தங்குவதால் சீட்டுச் செலவு அதிகமாகாது. ஒரே நிபந்தனை, ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரத்தில் மெட்ரோ இருக்க வேண்டும், பஸ்ஸை நம்பி இருக்கக் கூடாது. மெட்ரோ நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 1.15 மணி வரை ஓடுகிறது, வெள்ளி சனி ராத்திரிகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக.

நகரத்துக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது 13, 14, 12-ஆம் வட்டாரங்கள். 13-இல் ப்ளாஸ் திட்டாலி நிலையத்தில் 5, 6, 7 என மூன்று லைன்கள் சந்திக்கின்றன, பக்கத்திலேயே சீன, வியட்நாம் உணவகங்கள், ரொட்டியாகவே சாப்பிட்டு அலுத்துப்போனவர்களுக்குச் சோறு கிடைக்கும். 14-இல் டான்ஃபேர் ரோஷ்ரோ பக்கம் தங்கினால் ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறி மாறாமல் வந்து இறங்கலாம். ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு, 2024 ஜூனில் 14-ஆம் லைனை அங்கே வரை நீட்டியபின் 12-இல் உள்ள கார் து லியோன் ரயில் நிலையச் சுற்றுவட்டாரம் ரொம்ப வசதி.

நம் ஆட்கள் அதிகம் கேட்பது கார் து நோர் ரயில் நிலையம், லா ஷப்பேல் பக்கத்தைப் பற்றி. 10-ஆம் வட்டாரத்தின் மேல் முனையும் 18-இன் தொடக்கமும் அது. ஃபோபூர் சாந்தெனி தெருவின் வடக்குக் கோடி, ரூ காய், ரூ பெர்தொனே ('ரூ' என்றால் தெரு), இந்தச் சின்னச் சுற்றுக்குள் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன: முருங்கைக்காய், வாழையிலை, தங்கநகை, புடவை, கொத்து ரொட்டி, இடியப்பமும் சொதியும். 1983-க்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்கள் கட்டி எழுப்பிய தெரு அது. வெறும் சாப்பாட்டுக்கான இடம் என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள், கொஞ்சம் நின்று பேசுங்கள். "எங்கை தங்கியிருக்கிறியள்?" என்று கடையில் கேட்டால் சொல்லுங்கள், வழியும் சொல்வார்கள், எந்தப் பக்கம் ராத்திரியில் போக வேண்டாம் என்பதையும் சொல்வார்கள். ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் வாக்கில் தேர் ஓடும்போது தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். அந்த நேரத்தில் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

தங்குவதற்கு அந்த இடம் எப்படி? விமான நிலைய ரயில் நேராக வரும், லண்டன் போகும் யூரோஸ்டார் அங்கிருந்துதான் கிளம்பும், விலையும் அடக்கம். ஆனால் ஸ்டேஷன் முகப்பில் ராத்திரி வெகுநேரம் வரை கூட்டமும் சத்தமும் இருக்கும், ஜேப்படிக்காரர்களும் உண்டு. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு பக்கம் தங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வருவது நல்லது. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் தாராளமாகத் தங்கலாம், தெருவைப் பார்த்த அறை வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை கொடுங்கள் என்று மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இனி அறை. பிரான்ஸில் ஒன்று, இரண்டு ஸ்டார் ஹோட்டல்களில் இருவர் அறைக்கு விதிப்படி குறைந்தபட்ச அளவே 9 சதுர மீட்டர்தான். கட்டில் போக மிச்சம் இருப்பதில் ஒரு பெட்டியை விரித்துத் திறக்கலாம், இரண்டாவதைத் திறக்க முதலாவதை மூட வேண்டும். அதனால் இரண்டு பேருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஆளுக்கொரு முதுகுப்பை, அதற்கு மேல் கொண்டு போகாதீர்கள். டபுள் கட்டில் என்று போட்டிருந்தால் அகலம் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர். தம்பதிக்குச் சமாளிக்கலாம், அண்ணன் தம்பியோ அம்மாவும் மகனுமோ போகிறீர்கள் என்றால் தனித்தனிக் கட்டில் என்று தெளிவாகக் குறிப்பிட்டே புக் செய்யுங்கள். ஐபிஸ் பட்ஜெட் மாதிரி சங்கிலி ஹோட்டல்களில் பெரிய கட்டிலுக்கு மேலே குறுக்காக ஒரு பரண் கட்டில் இருக்கிற அறைகள் உண்டு, ஒரு பிள்ளையோடு போகிற குடும்பத்துக்கு அது போதும். ரொம்பக் குறைந்த விலையில் ஏதாவது கண்ணில் பட்டால் கழிப்பறையும் குளியலும் அறைக்குள்ளே இருக்கிறதா, வராந்தாவில் பொதுவாகவா என்று பாருங்கள். பழைய ஹோட்டல்களில் அறைக்குள் வாஷ்பேசின் மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் வெளியே இருக்கும்.

லிஃப்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அந்தக் கட்டடங்களில் பல 19-ஆம் நூற்றாண்டில் கட்டியவை, லிஃப்ட்டைப் பிற்பாடு படிக்கட்டு சுற்றி ஏறும் நடுவெளியில் நுழைத்திருக்கிறார்கள். வெளிக்கதவை உங்கள் பக்கம் இழுத்துத் திறக்க வேண்டும், உள்ளே இன்னொரு மடிப்புக் கதவு இருக்கும், இரண்டும் சரியாக மூடினால்தான் நகரும். இரண்டு பேர் என்று எழுதியிருக்கும், அந்த இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். ஒரு ஆளும் ஒரு பெட்டியும் என்றால் அதோடு நிறைந்துவிடும். சில இடங்களில் லிஃப்ட்டுக்குப் போகவே ஐந்தாறு படி ஏற வேண்டியிருக்கும், சில இடங்களில் லிஃப்ட்டே கிடையாது. அதனால் 'லிஃப்ட் உண்டு' என்ற ஒரு வரியை நம்பாமல், தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரை படி இருக்கிறதா, கீழ்த்தள அறை கிடைக்குமா என்று ஹோட்டலுக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். கூடவே தொட்டி இல்லாத ஷவர் வேண்டும் என்றும் கேளுங்கள். தொட்டியின் விளிம்பு முட்டி உயரத்துக்கு வரும், காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்குவதும் ஈரக் காலோடு வெளியே வருவதும் எழுபது வயதுக்காரருக்கு ஆபத்து. விலையில் பத்து யூரோ கூடினாலும் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குளியலறையில் நம் பழக்கத்துக்கு மாறான விஷயங்கள் சில. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஷவருக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி பெரும்பாலும் கிடையாது, ஊற்றிக் கழுவினால் அது கீழ்வீட்டுக் கூரையில்தான் இறங்கும். துணி துவைத்தால் ஷவருக்குள்ளேயே பிழிந்து காயப் போடுங்கள், அல்லது தெருவுக்குத் தெரு இருக்கும் காசு போடும் சலவைக் கடைக்குப் போங்கள். அறையில் ஊதுபத்தி ஏற்ற வேண்டாம், ரைஸ் குக்கர் வைக்க வேண்டாம், புகை உணரும் கருவி கத்திவிடும். சமைத்தே ஆக வேண்டும் என்றால் சின்ன அடுப்பும் மைக்ரோவேவும் உள்ள அபார்ட்-ஹோட்டலாகப் பார்த்து எடுங்கள், நாலைந்து நாளுக்கு மேல் தங்கும் குடும்பத்துக்கு அதுதான் லாபமும்கூட. கெட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர் மாதிரிதான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் தேவை.

கோடையில் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா என்று பார்த்தே புக் செய்யுங்கள். ஐரோப்பா குளிரும் என்ற நினைப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி அடித்தது. துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறை எப்படிக் கொதித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏசி இல்லாத ஹோட்டல்தான் கைக்கு எட்டுகிறது என்றால் கீழ்த்தளம், முற்றத்துப் பக்கம்.

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, பெட்டியைக் கட்டில்மேல் வைக்காமல் குளியலறையில் வைத்துவிட்டு, படுக்கை விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தைத் தையலை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. கட்டில் தலைப்பலகைக்குப் பின்னாலும் ஒரு பார்வை. 2023-இல் பாரிஸ் முழுக்க இதே பேச்சாக இருந்தது. விலை கூடிய ஹோட்டலிலும் வரும், ஆகவே கூச்சப்படாமல் கீழே போய் வேறு அறை கேளுங்கள்.

காசு விஷயம். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், அதனால் விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்தான் பாதுகாப்பு. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், போய் வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும், அதற்கு நாளாகும், முன்னதாகவே சொல்லிவையுங்கள். ஹோட்டல் விலைக்கு மேல் ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஒரு தங்கல் வரி உண்டு, ஸ்டார் கூடக் கூட அதுவும் கூடும். 2024-இல் இதை நன்றாகவே ஏற்றிவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் ஹோட்டலில்தான் கட்டச் சொல்வார்கள், ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் விலை இறங்கும். ஃபேஷன் வாரங்கள் நடக்கும் பிப்ரவரி கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், ரொலான் காரோஸ் டென்னிஸ் நடக்கும் மே கடைசியிலும் ஏறும்.

ஹோட்டலில் காலை உணவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்கிற காசில் பாதிக்கு, எதிர்ப்பக்கம் பேக்கரியில் சுடச்சுட க்ருவாஸானும் காபிக் கடைக் கவுன்டரில் நின்றபடி ஒரு காபியும் கிடைக்கும். கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை, இரண்டையும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், தெருவில் நிற்கும் கரும்பச்சை வாலஸ் நீரூற்றுகளிலும் பாட்டிலை நிரப்பலாம்.

வந்து இறங்கும் நாள். விமான நிலையச் சீட்டு 2025-இல் 13 யூரோ, போக வர 26. திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும் நவிகோ வாரச்சீட்டு அதே வருஷம் 31.60 யூரோதான், விமான நிலையப் பயணமும் அதில் அடக்கம். ஆக திங்களோ செவ்வாயோ இறங்கி அந்த ஞாயிறுக்குள் கிளம்புகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம். அட்டைக்குத் தனியாக 5 யூரோ, ஒட்டுவதற்கு ஒரு சின்ன போட்டோ ஊரிலிருந்தே கொண்டு போங்கள். நாலு பேரும் பெட்டிகளுமாக என்றால் டாக்ஸியும் கட்டுப்படியாகும்: ஷார்ல் து கோலிலிருந்து சேன் நதியின் வலக்கரைக்கு (வடக்குப் பக்கம்) 56, இடக்கரைக்கு (தெற்குப் பக்கம்) 65 யூரோ என்று 2025-இல் அரசே நிர்ணயித்திருந்தது. உள்ளே வந்து 'டாக்ஸி வேண்டுமா' என்று கேட்கிறவரோடு போகாமல் வெளியே வரிசையில் நின்று ஏறுங்கள்.

ரிசப்ஷனில் முதல் வார்த்தை 'போன்ஜூர்', அதைச் சொல்லிவிட்டு நிறுத்தி, அவர் பதில் சொன்னபின் விஷயத்துக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் கேள்வி கேட்டால் அங்கே மரியாதைக் குறைவு. பாஸ்போர்ட் விவரம் எழுதும் படிவம் ஒன்று தருவார்கள், வெளிநாட்டவர் எல்லோருக்கும் உள்ளதுதான். அறை பெரும்பாலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் தருவார்கள், காலை விமானத்தில் வந்தால் பெட்டியை விட்டுவிட்டு வெளியே போய்வரலாம். கிளம்பும் நாளும் அப்படியே, 11 மணிக்குள் அறையைக் காலி செய்துவிட்டு ராத்திரி விமானம்வரை பெட்டியை அங்கேயே வைத்திருக்கச் சொல்லலாம். ஆனால் சின்ன ஹோட்டல்களில் அது பூட்டாத மூலையாகக்கூட இருக்கும், ஆகவே பாஸ்போர்ட், பணம், நகை, மருந்து எல்லாம் கையிலேயே இருக்கட்டும், ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, வாசல் கதவுக்கு எண் போட வேண்டுமா என்பதையும் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.