யானை மிதித்த பயிருக்கு இழப்பீடு கேட்பது எப்படி?

கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து ஆந்திர எல்லை தாண்டி வரும் யானைகள் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வாழை, நெல், மாந்தோப்பு எதையும் விடுவதில்லை. அரசு இழப்பீடு உண்டு. ஆனால் முதல் நாளிலேயே பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள்.

சாய்ந்த பயிரை அப்புறப்படுத்தாதீர்கள், உழவும் ஓட்டாதீர்கள். வனத்துறையினர் வந்து பார்க்க எதுவும் மிஞ்சாமல் போனால் சேதத்தை மதிப்பிட முடியாது. விடிந்ததும் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, கால்தடம், சாணம், ஒடிந்த மரம், வயலின் முழுத் தோற்றம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வையுங்கள். மண்ணைக் கிளறிப்போட்டு, பிளந்த குளம்புத் தடம் இருந்தால் அது காட்டுப்பன்றி. மனுவில் அப்படியே எழுதுங்கள்.

மனுவோடு பட்டா, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்ட கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். பெரும்பாலும் சிக்குவது அடங்கலில்தான். நிலத்தில் வாழை, அடங்கலில் போன பருவத்து நிலக்கடலை என்றிருந்தால் மனு நின்றுவிடும். நட்டவுடனே பதியச் சொல்லுங்கள். பட்டா இறந்த அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் தேவை. மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேலியில் மின்சாரம் மட்டும் பாய்ச்சவே வேண்டாம். யானையும் சாகும், மனிதரும் சாவார்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி சிறைதான்.