ட்ரோன் மோட்டாரில் கைச்சுழல் கருவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புச் செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளில், மேலே தொங்கும் மோட்டாரிலிருந்து வளையும் தண்டு வழியாகச் சுழலும் மெருகுக் கருவியைப் பார்த்தவர்களுக்கு, அதே வேலையைக் கைக்குள் அடங்கும் ஒன்றால் செய்ய வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. பழைய ட்ரோனிலிருந்து கழற்றிய, கரித்தூரிகை இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் அதற்குப் போதும். ஆனால் அது திறந்த காற்றில் விசிறியைச் சுழற்றவென்று வடிவமைக்கப்பட்டது என்பதை மறந்துவிடுவதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

மோட்டாரில் பொறித்திருக்கும் கே.வி. எண்ணைப் பலர் வலுவின் அளவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது, சுமையில்லாதபோது ஒவ்வொரு வோல்ட்டுக்கும் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழலும் என்பதையே சொல்கிறது. 2300 கே.வி. மோட்டாரை முழுதாக ஏற்றிய 3 செல் லித்தியம் பற்றரியில், அதாவது 12.6 வோல்ட்டில் இணைத்தால் ஏறத்தாழ 29,000 சுற்றும், 4 செல் பற்றரியில் 38,000க்கு மேலும் கிடைக்கும். சிறு கம்பித் தூரிகைகள் பலவற்றின் உச்ச வரம்போ 15,000 சுற்றுத்தான். அதைத் தாண்டினால் கம்பிகள் பிய்ந்து முகத்தை நோக்கிப் பறக்கும். வேக வரம்பு அச்சிடப்படாத மலிவான வெட்டுச் சில்லுகளை நான் வாங்குவதே இல்லை. மேலும், கே.வி. கூடக்கூட ஒரு அம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும் என்பதால், அரைக்கும் வேலைக்கு 1000 கே.வி. அளவிலான மோட்டாரே பெரும்பாலும் உகந்தது.

அடுத்தது தூசி. இவ்வகை மோட்டார்களில் வெளிக்கூடுதான் சுழலும். அதன் உட்சுவரில் வலிய காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். இரும்பை அரைக்கும்போது எழும் துகள் அந்தக் காந்தங்களில் ஒட்டி, மிகக் குறுகிய காற்றிடைவெளியை நிரப்பி, ஈற்றில் சுருள்களின் பூச்சைச் சுரண்டிவிடுகிறது. இதற்கு அஞ்சி மோட்டாரை முழுவதும் மூடினால், விசிறிக் காற்றால் குளிர்ந்துவந்த அது வெந்துபோகும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவை இழக்கத் தொடங்கும். ஆகவே காற்று பின்புறமாக, வடிகட்டித் துணி வழியே நுழைந்து, முனையை நோக்கி வெளியேறும்படி கைப்பிடியை அமைக்க வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறியில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் கைப்பிடியை அச்சிடுவதும் தவறு, அது ஏறத்தாழ 60 பாகையிலேயே இளகும்.

சில்லின் பக்கவாட்டு அழுத்தத்தை மோட்டாரின் சிறு பேரிங்குகளே தாங்கட்டும் என்று விடக்கூடாது. இரண்டு பேரிங்குகளில் தாங்கிய தனித் தண்டை முன்னால் அமைத்து, அதை மோட்டாருடன் இணைப்பதே முறை. பக்கத் திருகால் இறுக்கும் பித்தளைப் பிடி மையம் விலகி அதிரும். கருவித் தண்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் கொலெட் பிடியே நல்லது.

மோட்டாரைப் பொருத்தும் 3 மில்லிமீற்றர் திருகாணிகள் நீளமாக இருந்தால், அவற்றின் நுனி சுருளைத் தொட்டு குறுஞ்சுற்றை உண்டாக்கிவிடும். என் முதல் மோட்டாரையும் வேகக் கட்டுப்படுத்தியையும் ஒரே நொடியில் பறிகொடுத்தது இந்த அற்பக் கவனக்குறைவால்தான்.

கட்டுப்படுத்தியில் பிரேக் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், மோட்டார் சட்டென நிற்கும்போது கொலெட்டை இறுக்கும் சுரை (நட்) தன் உந்தத்தால் தொடர்ந்து சுழன்று கழன்றுவிடலாம். பற்றரிக்குப் பதிலாக 230 வோல்ட் மின்னிணைப்பில் இயங்கும் மின்வழங்கியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பிரேக்கின்போது மோட்டார் மின்னாக்கியாக மாறித் திருப்பியனுப்பும் மின்னை ஏற்க இடமில்லாமல் வோல்ட்டளவு உயர்ந்து, மின்வழங்கி அணைந்துபோகலாம் அல்லது பழுதடையலாம். எனவே முதல் ஓட்டத்துக்கு முன்பே அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். சுழலும் திசை தலைகீழாக இருந்தால் மோட்டாரின் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்; திசையை அப்படியே விட்டால், வேலையின் சுமையே சுரையைத் தளர்த்திவிடும்.